மாற்றாத ஆயில்

அப்பா அம்மா அவருக்கு வைத்த பெயர் வேறு. வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு ஒன்றும் பெரியதில்லை, எல்லாருக்கும் இருப்பது போலத்தான் இருந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்று அவர் பட்டறைக்குள் வந்தால், இன்ஜினை ஓடவிட்டு, அளவுக்கம்பியை உருவி, நுனியில் இருக்கிற கியர் ஆயிலை ஒரு வெள்ளைத் தாளில் தொட்டு வைத்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். சிவப்பாக, வாடை இல்லாமல் இருந்தால், "நல்லா இருக்கு, போயிட்டு வாங்க." பழுப்பாக இருந்தால், "மாத்திடலாம்." கறுத்துப்போய், கருகின வாடை அடித்தால் ஒரு நிமிடம் பேசவே மாட்டார். அந்த ஒரு நிமிடத்தில் வண்டிக்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

கறுத்த ஆயிலுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். "இத்தனை வருஷம் மாத்தாம ஓட்டிட்டீங்க. இனிமே மாத்தாதீங்க." இதை முதல்முறை கேட்கிறவர்கள், இந்த ஆளுக்கு மூளை கீளை குழம்பிவிட்டதா என்று பார்ப்பார்கள். மூக்கர் கோபப்படாமல் விளக்குவார். "உள்ள இருக்கிற கிளட்ச் தட்டெல்லாம் தேஞ்சு தூளாகி ஆயில்ல கலந்திருக்கு. தட்டுல இப்ப பிடிப்பு கிடையாது. அந்தத் தூள்தான் பிடிச்சு இழுத்துக்கிட்டிருக்கு. சுத்தமான ஆயிலை ஊத்தினா வழுக்கிடும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது. அதனால ஓடுற வரைக்கும் ஓட்டுங்க. நின்னா கியர்பாக்ஸைக் கழட்டிப் பார்த்துக்கலாம்."

இவ்வளவு விவரம் தெரிந்த மனிதர், சொந்த மனைவியின் வண்டிக்கு ஆயில் மாற்றவில்லை. சிரிப்பு வருகிறதா? பரவாயில்லை, இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் குழாய்களும் அவற்றின் மேல் ஒட்டிய லேபிள்களும்தான் அவள் உலகம். வேலைக்குப் போய்வர அவளே ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் வண்டியைப் புதிதாக எடுத்து, அவளே ஓட்டிக்கொண்டிருந்தாள். வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டரைத் தொட்டதும், "ஆயில் மாத்தணும்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்றீங்க, என் வண்டிக்கு எப்போ?" என்று கேட்டாள். நாளைக்கு என்றார். ஒரு மாதம் முழுக்க நாளைக்கு என்றார். கடைசியில் ஒரு சாயங்காலம், பட்டறையில் யாருடையதோ கியர்பாக்ஸ் தரை முழுக்கப் பிரிந்து கிடந்த நேரத்தில் அவள் போன் பண்ணி, "மாத்தியாச்சா?" என்றாள். "ஆச்சு, ஆச்சு" என்றுவிட்டார்.

சொன்னதோடு விட்டாரா? ஆயில் மாற்றினால் பானட்டின் உள்பக்கம் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, தேதியும் கிலோமீட்டரும் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் பட்டறையின் வழக்கம். அவளோ லேபிள் பார்க்காமல் எதையும் நம்பாதவள். ஆகவே ஸ்டிக்கரை ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றிவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு சோலி இருந்தது.

எண்பதாயிரத்தில் அவள் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை உண்மையாகவே மாற்றத்தான் வண்டியை உள்ளே விட்டார். கம்பியை உருவினார், முகர்ந்தார். ஒரு நிமிடம் பேசவில்லை. பேச அங்கே ஆளும் இல்லை. அவருடைய சட்டப்படி அந்த ஆயிலை இனிமேல் தொடக்கூடாது. தொடாவிட்டால் ஏன் தொடவில்லை என்று அவளிடம் சொல்லவேண்டும். கம்பியைத் துடைத்துத் திரும்பச் செருகிவிட்டு, இரண்டாவது ஸ்டிக்கரை ஒட்டினார்.

முதல் ஸ்டிக்கர் சோம்பல், இரண்டாவது பயம். மூக்கர் கெட்டவர் இல்லை. கட்டினவள் முன்னால் தலைகுனிய மனசு வராத ஆள், அவ்வளவுதான். ஆனால் இந்த "அவ்வளவுதான்" சில நேரம் ஒரு குடும்பத்தையே முழுங்கிவிடுகிறது.

அவளுக்கு ஒரே தம்பி. மூக்கரின் பட்டறையில் பாதி வேலை அவன் கையில்தான் நடந்தது. அக்காவிடம் உயிர். நாற்பது வயதை நெருங்கியும் கல்யாணம் செய்துகொள்ளாமல், பட்டறைக்குப் பின்தெருவில் ஓர் அறையில் இருந்தான். சாப்பாடு மட்டும் மூன்று வேளையும் அக்கா வீட்டில். "ஒரு நாளாவது உன் அறையில அடுப்பு பத்தவையேண்டா" என்று அக்கா திட்டுவாள். "பத்தவச்சா நீ அழுவியே" என்பான். அவன் தட்டில் இன்னொரு கரண்டி விழும்.

ஒருநாள் காலை ஆறு மணிக்கு அவர்களுடைய சித்தி போன் பண்ணினாள். ஊரில் அவர்களுடைய அம்மா நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். பார்க்கவேண்டியவர்கள் இன்றைக்கே வந்து பார்த்துவிடட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆறு மணி நேரப் பயணம், நடுவில் ஒரு மலை. அவள் பையில் கைக்குக் கிடைத்ததைத் திணித்துக்கொண்டிருந்தாள். மூக்கர், முந்தினநாள் முடித்த ஒரு வண்டியின் சாவியை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். போய்வர முக்கால் மணி நேரம் ஆனது.

திரும்பி வந்தபோது மனைவியின் வண்டி பட்டறைக்குள் நின்றது. அவள் அதன் பக்கத்தில் பையோடு நின்றாள். மச்சினன் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்தபடி சொன்னான். "எம்பதாயிரத்துல மாத்தினதா ஸ்டிக்கர்ல இருந்துது மாமா. இப்ப ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ஓடியிருக்கு. மலை ஏறணுமேன்னு கியர் ஆயில் மாத்திட்டேன். கிளம்பலாம்."

மூக்கர் தெருவைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் வாடகைக் கார்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றார். ஒரு கை தட்டினால் வந்திருப்பார். 'வேற வண்டியில போயிடலாம்' என்ற மூன்று சொல் வாய் வரை வந்தது. அவள் ஏன் என்று கேட்பாளே. அதை மென்று முழுங்கிவிட்டு ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். எல்லா வண்டியும் நின்றுவிடுவதில்லை, ஒன்றிரண்டு ஓடத்தான் செய்கின்றன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்தவர் வண்டிக்கு ஒருநாளும் அவர் இப்படிச் சொன்னதில்லை.

சமவெளியில் வண்டி நன்றாகவே ஓடியது. அவள் பின்சீட்டில் இருந்த தம்பியின் பக்கம் திரும்பி, "வெண்ணெய் மாதிரி போகுதுடா" என்றாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மலையின் மூன்றாவது வளைவில் இன்ஜின் திடீரென்று கத்தியது. இன்ஜின் சுற்றைக் காட்டுகிற முள் ஐயாயிரத்துக்குத் தாவியது. வண்டி ஒரு முழம் முன்னே போய், தயங்கி, பின்னால் வழியத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தார். கருகின வாடை உள்ளே வந்தது. அதை அறிய மூக்கரின் மூக்கு தேவையில்லை, அவளுக்கே தெரிந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள்.

மூக்கர் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "நான் ஆயில் மாத்தினதுதான்க்கா காரணம். என் தப்பு."

அவள் சாலையோரத்தில் இறங்கி நின்று தம்பியைப் பார்த்துக் கத்தினாள். "ஓடிக்கிட்டிருந்த வண்டியை ஏண்டா தொட்ட? யாருடா உன்னைத் தொடச் சொன்னது?" அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மூக்கர் பானட்டைத் தூக்கி, எதையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். இரண்டு மஞ்சள் ஸ்டிக்கர்களும் அவர் கையெழுத்தோடு அவரையே பார்த்தன. பானட்டை மூடினார்.

அந்தச் சாலையில் வருகிற வண்டியெல்லாம் நிறைந்து வந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து ஒரு சிமெண்ட் லாரி நின்றது. அது ஏறின வேகத்துக்கு நடந்தே போயிருக்கலாம். ஆஸ்பத்திரியை அடைந்தபோது மணி நாலே முக்கால். அம்மா இரண்டு பத்துக்குப் போய்விட்டிருந்தாள். கட்டிலின் பக்கத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. வார்டில் வேலை செய்யும் அம்மாள் சொன்னாள், "மூணு பேர் வருவாங்க, நின்னுக்கிட்டே இருப்பாங்க பாவம், நாற்காலி போட்டு வைன்னாங்க உங்கம்மா. மத்தியானம் வரைக்கும் யாரையும் அதுல உக்கார விடல."

அவள் அந்த நாற்காலிகளில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி அவள் தோளில் கை வைத்தான். கையைத் தட்டிவிட்டாள்.

பட்டறைக்குத் திரும்பின மறுநாள் மூக்கர் செய்த முதல் வேலை, வண்டியை இழுத்து வந்து மூலையில் நிறுத்தி, பெட்ரோலில் நனைத்த துணியால் இரண்டு ஸ்டிக்கர்களையும் தேய்த்து எடுத்தது. இவ்வளவு சுத்தமாக அவர் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

மச்சினன் பட்டறைக்கு வருவதை நிறுத்தினான். ஊரின் மறுகோடியில் ஒரு டயர் கடையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. "கியர்பாக்ஸைத் தொட எனக்குக் கை வரலன்னு சொன்னான்" என்று ஒரு டிரைவர் வந்து சொன்னார். சாப்பாட்டுக்கும் வரவில்லை. அக்கா கூப்பிடவும் இல்லை. மூன்று மாதம் அந்த வீட்டில் இரண்டு தட்டுதான் கழுவப்பட்டது. மூக்கர் மூன்று வேளையும் சாப்பிட்டார். இதைச் சொல்லத்தான் வேண்டும். சாப்பிட்டார், தூங்கினார், வாடிக்கையாளர்களுக்கு ஆயிலைப் பற்றி வகுப்பு எடுத்தார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தார். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் சொல்லவேண்டியது ஒரு சுற்றுப் பெருத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவின் பெட்டியைச் சித்தி அனுப்பிவைத்திருந்தாள். மனைவி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். மூக்குக்கண்ணாடி, சால்வை, கைக்கடிகாரம், தலையணை உறை இரண்டு. இது சித்திக்கு, இது எனக்கு, இது பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று பிரித்தாள். மூக்கர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பிக்கு?" என்றார் மெல்ல.

"அவனுக்கு எதுக்கு?" அவள் நிமிரவில்லை. "அம்மாவோட கடைசி நாள எங்கிட்டேருந்து எடுத்துக்கிட்டான்ல. அது போதும் அவனுக்கு."

மூக்கரால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மச்சினனிடம் முதலில் சொல்லுவோம், அவனுக்குத்தானே பெரிய கடன்பட்டிருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு போனார். அதிலும் ஒரு சூது இருந்தது. அவன் நாலு அறை அறைந்தால், வீட்டில் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

டயர் கடையில் மச்சினன் ஒரு சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு முழங்கை வரை ஈரத்தோடு வெளியே வந்தான்.

"மாப்ளே, ஒண்ணு சொல்லணும். நீ அடிச்சாலும் வாங்கிக்கிறேன்." மூக்கர் அவசரமாக ஆரம்பித்தார், நிறுத்தினால் மறுபடி முடியாது. "அந்த ஸ்டிக்கர் ரெண்டும் பொய். நான் அந்த வண்டிக்கு ஆயில் மாத்தவே இல்ல. கம்பெனியில ஊத்தின ஆயிலு அது. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

மச்சினன் அடிக்கவில்லை. ஆச்சரியப்படக்கூட இல்லை.

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"போல்டைக் கழட்டினதுமே தெரிஞ்சுது. தார் மாதிரி இறங்குச்சு. உங்ககிட்ட இத்தனை வருஷம் வேலை பார்த்துட்டு இது கூடவா தெரியாது? அடித்தட்டுல இருக்கிற காந்தம் மேல ஒரு விரல் கனத்துக்குத் தூள்."

மூக்கர் அவனுடைய ஈரக் கையையே பார்த்தார். பிறகு கேட்டார், "அப்ப அதையே திரும்ப ஊத்தியிருக்கலாமேடா. வண்டி தாங்கியிருக்குமே."

"ஊத்தலாம்னு பாத்திரத்தைக் கையில எடுத்துட்டேன். அக்கா தலைமாட்டுல நிக்கிறா. 'என்னடா, கறுப்பா இருக்கிறதையே திரும்ப ஊத்தப் போறே, புது டின்னு அங்க இருக்கே'ன்னா. என்ன சொல்லச் சொல்றீங்க? உன் புருஷன் உன்னை ஏமாத்தியிருக்கார்னு அந்த நேரத்துல சொல்லவா? அம்மா அங்க அப்படிக் கிடக்கும்போது? புதுசையே ஊத்திட்டேன். ஏறிடும்னு நினைச்சேன்." அவன் கையில் இருந்த தண்ணீரைச் சட்டையில் துடைத்தான். "நீங்க வந்து நின்னீங்க. மாத்திட்டேன்னு சொன்னதும் நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க ஏறி உக்காந்துட்டீங்க."

"மூணு மாசமா நீ ஏண்டா வாயத் திறக்கல?"

"அம்மா போயாச்சு மாமா. நான் சொல்லியிருந்தா நீங்களும் அவளுக்கு இல்லாம போயிருப்பீங்க. தம்பி மேல கோபம்னா என்னைக்காவது தீரும்." அவன் கடைக்குள் பார்த்தான். முதலாளி அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீங்களும் சொல்லாதீங்க. இது இப்படியே போகட்டும்."

மூக்கர் சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுதார். ஐம்பது வயது ஆள் நடுத்தெருவில் அழுவதை ஊர் வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். தன்னைவிடச் சின்னவன் ஒருவன் தன் குற்றத்தை மூன்று மாதமாகத் தலையில் சுமந்துகொண்டு, கூலிக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருக்கிறான். அழுகைக்கு இது போதாதா?

ஒன்று மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மச்சினன் சொன்னபடி சும்மா இருந்தால் எல்லாம் நலமாகவே ஓடும். மனைவி இருப்பாள், சாப்பாடு இருக்கும். ஓடுகிற வரைக்கும் ஓட்டலாம். அந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

அவள் இன்னும் பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். மூக்கர் எதிரே தரையில் உட்கார்ந்து, நாற்பதாயிரத்திலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னார். போனில் சொன்ன "ஆச்சு, ஆச்சு." இரண்டு ஸ்டிக்கர். சும்மா நின்ற வாடகைக் கார். பாத்திரத்தில் இருந்த கறுப்பு ஆயில். தம்பிக்குத் தெரியும் என்பது. ஸ்டிக்கரைத் தேய்த்து எடுத்ததைக்கூட மறைக்கவில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சால்வையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நான் அவன்கிட்ட புது டின் இருக்கேன்னு சொன்னேன். எனக்கு ஞாபகம் இருக்கு." சால்வையைப் பெட்டிக்குள் வைத்தாள். "அப்ப ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. காலையில ஏழரை மணிக்கே தெரிஞ்சிருக்கு. என்னை நடுவுல உக்கார வச்சு மலை ஏத்தியிருக்கீங்க."

"அவன் எனக்காகத்தான்..."

"அவன் உங்களுக்காக. நீங்க உங்களுக்காக. எனக்காக அந்த வண்டியில யாரு இருந்தா?"

மூக்கர் தரையில் கிடந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாற்பதாயிரத்துலயே மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? திட்டியிருப்பேன். ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். இதுக்குப் போயா..." அவள் குரல் உடைந்தது. "அன்னைக்கு அவன் கையத் தட்டிவிட்டேன். அம்மா செத்துக் கிடக்கிறா, அவனுக்கும்தானே அம்மா, தட்டிவிட்டேன். நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தீங்க."

"மன்னிச்சுடு" என்றார். அந்த வார்த்தை அவருக்கே பிச்சைக்காரத்தனமாகக் கேட்டது.

அவள் எழுந்தாள். தம்பியிடம் போகப்போகிறாள் என்று நினைத்து, அவர் அவளுடைய செருப்பை எடுத்து வைத்தார். அவள் வாசல் பக்கம் போகவில்லை. மேசை மேலிருந்த போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். திரையில் விரலால் எதையோ தேடித் தள்ளினாள். ஓர் எண்ணில் விரல் நின்றது. அழுத்தவில்லை. அப்படியே நின்றாள்.

"தம்பிக்கா?" என்றார் மூக்கர்.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"உங்க மேல கோபம் வந்தா அம்மாகிட்டதான் சொல்லுவேன்" என்றாள். "அவன் மேல கோபம் வந்தாலும் அம்மாகிட்டதான். ஏதாவது சொல்லி அடக்கிடுவா. இதை நான் யார்கிட்ட சொல்லுவேன்?"

அவர் பக்கத்தில் போக ஓர் அடி வைத்தார். அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.